கலியமூர்த்தி அண்ணனின் போன் என் பையில் இருக்கிறது

கலியமூர்த்தி அண்ணனின் மகள் நர்சிங் படிக்காமல் போனதற்குக் காரணம் நான்தான். வங்கி அல்ல. அவள் எடுத்த மதிப்பெண்ணும் அல்ல. நான். அண்ணனுக்கு இது இன்றுவரை தெரியாது.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைத் திட்டிக்கொண்டே படிக்கலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ்களில் ஒன்றில் நான் கண்டக்டர். வழியெல்லாம் வாயாடிக்கொண்டு, படியில் தொங்குகிறவனைப் பார்த்து, "தம்பி, உள்ள வா, வெளியில நின்னாலும் அதே டிக்கெட்டுதான்" என்று சொல்கிறவன். நீங்கள் ஒருமுறை சிரித்திருப்பீர்கள். மறந்தும் போயிருப்பீர்கள். சில்லறை பாக்கியை மட்டும் நினைவு வைத்திருப்பீர்கள்.

அந்த பஸ்ஸின் டிரைவர் கலியமூர்த்தி அண்ணன். பதினோரு வருடங்களாக அவர் முன்னால், நான் பின்னால். அவர் பேசமாட்டார். எதைக் கேட்டாலும் ஒரு கனைப்பு, பிறகு, "ஆவட்டும்." கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் அதே ஆவட்டும், கருமாதிக்குக் கூப்பிட்டாலும் அதே ஆவட்டும். அவருடைய பங்குப் பேச்சையும் சேர்த்து நானே பேசி வந்தேன். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பின்னால் புரியும்.

எங்கள் முதலாளிக்கு ஒரு கண்டிப்பு உண்டு. டிரைவர் கையில் போன் இருக்கக்கூடாது. அதனால் காலை முதல் டிரிப்புக்கு முன், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடுவதற்கு முன்பே, அண்ணன் தன் பட்டன் போனை எடுத்து என்னிடம் நீட்டுவார். "வச்சுக்கடா. உங்கிட்ட இருந்தா பத்திரம்." அதை நான் டிக்கெட் பையின் உள் அறையில் வைப்பேன். கடைசி டிரிப் முடிந்ததும் திருப்பிக் கொடுப்பேன். அழைப்பு வந்தால் நானே எடுத்து, "அண்ணன் வண்டியில இருக்காரு" என்பேன். பதினோரு வருடமாக இதுதான் வழக்கம். இதில் எந்தத் தப்பும் இல்லை, என்னைப் போன்ற ஒருவனிடம் கொடுக்காத வரைக்கும்.

இப்போது என் போன் கதைக்கு வருகிறேன்.

பஸ்ஸில் நான் பேசியதை யாரோ ஒரு கல்லூரி மாணவி வீடியோ எடுத்துப் போட்டாள். அதைப் பல ஊர்க்காரர்கள் பார்த்தார்களாம். ஒருவர் எறையூரிலிருந்து வந்து என்னோடு படம் எடுத்துக்கொண்டார். போதாதா? நாமே எடுத்து நாமே போட்டால் எங்கேயோ போய்விடலாம் என்று எனக்குள் ஒருவன் விசிலடித்தான். எங்கேயோ போவதற்கு நல்ல கேமரா வைத்த போன் வேண்டும். நல்ல கேமரா வைத்த போனின் விலை என் நான்கு மாத வருமானம்.

தவணையில் எடுக்கலாம் என்று பெரம்பலூரில் ஒரு கடைக்குப் போனேன். ஃபைனான்ஸ் பையன் என் ஆதாரை வாங்கித் தட்டினான். திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். முன்பு எடுத்த டிவிக்கு நான் ஒழுங்காகக் கட்டாத சங்கதியைத் திரை அவனிடம் போட்டுக்கொடுத்துவிட்டது.

"உங்க பேர்ல ஏறாதுண்ணே. வேற யாரு பேர்லயாவது போடலாம்."

வேறு யார் பேர்? என் வாழ்க்கையில் வேறு யார் என்றால் கலியமூர்த்தி அண்ணன்தான்.

மறுநாள் மதிய நிறுத்தத்தில் கேட்டேன். அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அபூர்வமாக நீளப் பேசினார்.

"ஒரு கையெழுத்துதானடா, போட்டுடறேன். ஆனா சேகரு, பாப்பா அடுத்த வருசம் நர்சிங் சேரணும்ங்குது. பேங்குல லோன் போட்டாதான் உண்டு. என் பேரு கெட்டுச்சுன்னா அது படிப்பு போயிரும். அதுல மட்டும் கை வச்சுறாதடா."

"அண்ணே, என்னையப் பாத்தா அப்படியா தெரியுது?"

"உன்னையப் பாத்தா எல்லாந்தான் தெரியுது. வா, போவோம்."

நீங்கள் கவனிக்க வேண்டும்... அவர் சொல்லியிருந்தார். முன்பே சொல்லியிருந்தார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பிக்கிற வழியை அவர் அன்றைக்கே அடைத்துவிட்டார்.

கடையில் அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து முகத்தைப் படம் எடுத்தார்கள். "கண்ணச் சிமிட்டுங்க சார்" என்றான் பையன். அண்ணன் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார், ஊசி போட்டுக்கொள்கிறவரைப் போல. வந்த ஓடிபி எண்களை அவர் போனிலிருந்து நான்தான் படித்துச் சொன்னேன். கடிதம் அனுப்பும் முகவரி கேட்டபோது என் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். அப்போது அதில் கள்ளம் இல்லை. அண்ணனுக்கு எதற்கு வீண் தொல்லை என்றுதான் நினைத்தேன். வங்கியில் சும்மா கிடந்த அண்ணன் கணக்கில் மாதாமாதம் நான் பணம் போட வேண்டும், அங்கிருந்து தவணை தானாகப் போய்விடும். பதினெட்டு மாதம். கண் மூடித் திறந்தால் முடிந்துவிடும் என்றான் பையன். அண்ணன் கண் மூடியது முடிந்தது. திறப்பதற்குத்தான் இன்னும் நேரம் வரவில்லை.

ஐந்து மாதம் ஒழுங்காகக் கட்டினேன்.

இதற்கிடையில் நான் போட்ட வீடியோக்களைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள். மீதிப் பாதி நானே திரும்பத் திரும்பப் பார்த்தது. பஸ்ஸில் வாய்க்கு வந்ததைப் பேசினால் சிரிக்கிற ஜனம், கேமராவுக்காகப் பேசினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. ஒரு கிழவர் சொன்னார்: "தம்பி, முந்தி நல்லா இருந்துச்சு. இப்ப டிவில வர்றவன் மாதிரி பேசுற."

பிறகு வண்டியில் கூட்டம் குறைந்தது. எங்களுக்கு முன்னால் பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் போனால், அவர்கள் அதில்தான் ஏறுவார்கள். நான் பெண்ணாக இருந்தால் நானும் அதில்தான் ஏறுவேன். எனக்குக் கலெக்ஷனைப் பொறுத்து பேட்டா. கலெக்ஷன் இளைத்தது, பேட்டாவும் இளைத்தது. போன் மட்டும் இளைக்கவில்லை. மாதம் பிறந்தால் அதே தவணை, அதே தேதி.

ஆறாம் மாதம் கட்டவில்லை. ஏழாம் மாதமும் கட்டவில்லை.

எட்டாம் மாதம் ஒரு காலை, போன் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. உங்களுக்கு இது தெரியுமா? தவணைப் போனுக்கு உள்ளேயே ஒரு பூட்டு வைத்துத்தான் கொடுக்கிறார்கள். பணம் கட்டு என்று ஒரே ஒரு வாசகம். எதை அழுத்தினாலும் அதே வாசகம். நான் அதைத் தினமும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நேரம் பார்ப்பதுபோல் அவ்வப்போது எடுத்துப் பார்த்து, பேசுவதற்கு ஒரு பழைய பட்டன் போனை வைத்துக்கொண்டு திரிந்தேன். யாராவது கேட்டால், "பெரிய போன் பெரியவங்களுக்கு, சின்ன போன் சின்னவங்களுக்கு" என்பேன். சிரிப்பார்கள். என் பிழைப்பே அதுதானே.

அழைப்புகள் அண்ணன் போனுக்கு வரத் தொடங்கின. அண்ணன் போன் என் பையில்.

முதல் அழைப்பு ஒரு பெண் குரல்.

"கலியமூர்த்தி சார் பேசுறீங்களாங்க?"

அண்ணன் வண்டியில் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன ஆகும்? அவர் எப்போது இறங்குவார் என்று கேட்பாள். அவர் இறங்கியதும் கூப்பிடுவாள். கனைத்தேன். என்னை அறியாமல் கனைத்தேன்.

"ஆமாம்மா."

"சார், மூணு தவணை பெண்டிங்ல இருக்கு. எப்ப கட்டுவீங்க?"

"ஆவட்டும்மா. கட்டிடலாம்."

அவ்வளவு பொருத்தமாக வந்தது அந்தக் குரல். பதினோரு வருடம் கேட்ட குரல் அல்லவா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த மிமிக்ரி அதுதான். கேட்டவள் ஒருத்தி. கைதட்டத்தான் ஆள் இல்லை.

அன்றிலிருந்து அது என் தினசரி வேலையானது. வெவ்வேறு எண்களிலிருந்து கூப்பிடுவார்கள். நான் பின் படிக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிரே போகும் சிமெண்டு லாரிகளின் இரைச்சலில் அண்ணனாக மாறுவேன். ஒருநாள் பேரளி நிறுத்தத்தில் என்ஜின் அணைந்திருந்த நேரம், அண்ணன் காதில் விழுந்துவிட்டது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"எவங்கிட்டடா எங் கொரல்ல பேசுற?"

"சும்மாண்ணே. ஒரு வீடியோவுக்கு."

அண்ணன் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்படியா இருக்குது எங் கொரலு?" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டார். "இன்னொருக்கா பேசிக் காட்டுடா."

பேசிக் காட்டினேன். பஸ்ஸே சிரித்தது.

போனில் தவணை கேட்கும் அந்தப் பெண் ஒருநாள் சொன்னாள்: "சார், உங்க வயசுக்கு மரியாதை குடுத்துதான் பேசுறேன். உங்க வீட்ல பிள்ளைங்க இருப்பாங்க. நாளைக்கு அவங்க படிப்புக்கு லோன் கேட்டா கிடைக்காது சார்." நான் அண்ணனின் குரலிலேயே, "தெரியும்மா" என்றேன். அதைச் சொன்னது யார், அவரா நானா, எனக்கே விளங்கவில்லை.

தினமும் மாலை போனைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், வந்த செய்திகளையெல்லாம் அழிப்பேன். எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும், அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பாப்பாவுக்குத் தெரியுமே! வாரத்தில் ஒரு நாள் எங்களுக்கு ஓய்வு. அன்றைக்குப் போன் அவர் வீட்டில் இருக்கும். அதற்கும் ஒரு வழி செய்தேன்.

"அண்ணே, தெரியாத நம்பர் வந்தா எடுத்துறாதீங்க. பேங்குன்னு சொல்லி ஏமாத்துறானுங்க. நம்ம ஊர்லயே ஒருத்தருக்கு அக்கவுண்ட்டுல இருந்ததெல்லாம் போயிருச்சு."

"அடப்பாவி. அப்படியெல்லாமா ஏமாத்துறானுவோ?"

"ஆமாண்ணே. கூசாமப் பேசுவானுங்க."

இந்த உரையாடலை நான் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் உங்களுக்குத் தந்திருக்கிறேன்.

நான் விடுப்பு எடுத்தால் மாற்று கண்டக்டர் வருவான். அண்ணன் போன் அவன் பைக்குப் போகும். அதனால் நான் விடுப்பே எடுக்கவில்லை. காய்ச்சலோடு வந்தேன். மைத்துனனின் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போகாமல் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆயுதபூஜை அன்று முதலாளி எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, "ஒரு நாள்கூட லீவு போடாம ஒழைச்சவன்" என்று எனக்கு ஒரு துண்டு போர்த்தினார். அண்ணன் கைதட்டினார். மடித்து வைத்த அந்தத் துண்டை நான் மறுபடி பிரிக்கவே இல்லை. பிரித்தால் உள்ளே யாராவது இருந்து என்னைப் பார்த்துவிடுவார்களோ என்று ஒரு பயம்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே, ஆயுதபூஜைக்கு மூன்று மாதம் முன்பே, காரியம் முடிந்துபோயிருந்தது.

பாப்பா பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகவே எடுத்திருந்தாள். அவள் பெயர் வினோதினி, வீட்டில் மட்டுமல்ல, எங்கள் பஸ்ஸிலும் பாப்பாதான். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் சொல்லி வைத்தார்கள். அண்ணன் வங்கியில் கடனுக்கு எழுதிப் போட்டார். அன்று மதியம் என்னைக் கேட்டார்.

"சேகரு, அந்தப் போன் தவணை இன்னும் எத்தினி மாசம்டா இருக்கு?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அண்ணே, கட்டவில்லை, என்னால் முடியவில்லை. நான்கு சொல். அதிகபட்சம் ஓர் அறை. அவர் அறைவதற்குக்கூட யோசிக்கிற ஆள்.

"அது எப்பவோ முடிஞ்சுதுண்ணே. பூராத்தையும் ஒரே தடவையா கட்டிப்புட்டேன்."

அவர் முகத்தில் இருந்த சுருக்கம் ஒன்று கரைந்தது. டீக்கடைக்காரரிடம், "இவனுக்கு ரெண்டு போண்டா குடு" என்றார். அங்கே நின்ற மற்ற டிரைவர்களிடம், "வாயிதான் இப்படி. சொன்ன மாதிரி கட்டி முடிச்சுப்புட்டான் பாரு" என்றார். அந்த இரண்டு போண்டாவையும் நான் தின்றேன். தின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை, அண்ணன் போனுக்கு ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வழக்கம்போல் கனைத்துக்கொண்டு எடுத்தேன். இந்த முறை வங்கியிலிருந்து. உண்மையான வங்கி.

"கலியமூர்த்திங்களா? பொண்ணு எஜுகேஷன் லோன் விஷயமா பேசுறேன். ஃபைல் நல்லாதான் இருக்கு. ஆனா உங்க பேர்ல ஒரு மொபைல் லோன் கட்டாம நிக்குது. அதை முடிச்சுட்டு, முடிச்ச சர்ட்டிபிகேட்டை வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாந்து குடுங்க. மேல அனுப்பிடலாம்."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"கேக்குதாங்களா?"

"ஆவட்டும்ங்க" என்றேன்.

அவர் வைத்துவிட்டார். முன்னால் கலியமூர்த்தி அண்ணன் ஒரு மேட்டில் கியரை மாற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு வந்த செய்தி என் காதில் இருந்தது. அவருடைய பதிலையும் நானே சொல்லிவிட்டேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி... ஐந்து நாள்.

நான் சும்மா இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

முதலாளியிடம் முன்பணம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "இன்னைக்கு என்னடா நாடகம்?" நாடகம் இல்லை என்றேன். அதற்கும் சிரித்தார். வருடக்கணக்கில் சிரிக்கவைத்தவன் ஒருநாள் நிஜமாகக் கேட்டால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்படிக் கேட்கத் தெரியவில்லை. கேட்டு முடித்ததும் நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன் என்பதுதான் கொடுமை.

பூட்டிய போனை விற்கப் போனேன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கடையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல மொகம் வேணாப் பாத்துக்கலாம்ணே. நல்லாத் தெரியும்" என்றார்கள். பார்த்தேன். நன்றாகத்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை, இரண்டு டிரிப்புக்கு நடுவில், என் மோட்டார் சைக்கிளை, பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங் கடைக்கு ஓட்டிப்போனேன். அந்த ஆள் சுற்றி வந்து, டயரை உதைத்து, ஒரு விலை சொன்னார். தவணை பாக்கி, அபராதம் எல்லாம் கட்டினாலும் கொஞ்சம் மிஞ்சும் விலை. ஆர்சி புத்தகம் என் பையில்தான் இருந்தது, அண்ணன் போனுக்குப் பக்கத்தில்.

"குடுத்துட்டுப் போங்க தம்பி. பணம் இப்பவே எண்ணித் தாரேன்."

"வூட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்ங்க."

வீட்டில் நான் கேட்கவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிவிட்டேன்.

ஏன்? விடிவதற்கு முன்னால் முதல் டிரிப், வண்டி இல்லாமல் எப்படி வருவது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பொய். அண்ணன் தன் வண்டியில் வரும் வழியில்தான் என் வீடு. கேட்டால் ஏற்றிக்கொண்டு வருவார். உண்மை வேறு. வண்டியை விற்றால் மனைவி ஏன் என்று கேட்பாள். அண்ணன் ஏன் என்று கேட்பார். பஸ் ஸ்டாண்டே ஏன் என்று கேட்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு நகைச்சுவை இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. அது இல்லாததால் ஒரு பெண்ணின் படிப்பை விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. போனது. எல்லா வெள்ளிக்கிழமையையும் போலத்தான் போனது. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

அடுத்த வாரம் வங்கியிலிருந்து ஒரு செய்தி வந்தது. அந்தச் சமயம் வண்டி அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. போன் சத்தம் கேட்டு அண்ணன் இறங்கி வந்தார்.

"பேங்குல இருந்தாடா? என்ன போட்டுருக்கான், படி."

நான் திரையைப் பார்த்தேன். கட்டாத கடன் ஒன்று இருப்பதால் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை என்று தெளிவாக இருந்தது. சிறிய திரை, சிறிய எழுத்து. அண்ணன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார், தெரியாத எழுத்தைப் பார்த்தால் அது இரக்கம் காட்டும் என்பதைப் போல.

"இந்த வருசத்துக்கு ஒதுக்குன பணம் முடிஞ்சுபோச்சாம்ணே. அடுத்த வருசம் வரச் சொல்லுறான்."

அண்ணன் எட்டிப் பார்த்த தலையை இழுத்துக்கொண்டார். பிறகு கனைத்தார்.

"நமக்கு முந்தி எழுதிப் போட்டவங்க பிள்ளைங்களும் படிக்கட்டும். என்ன பண்றது."

"நேரா போயி ஒரு தடவ கேளுங்களேண்ணே" என்று நான் சொன்னேன். சொன்னேனே! போகமாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். வங்கி திறந்திருக்கும் நேரமெல்லாம் அவர் ஸ்டியரிங்கில் இருப்பார். ஓய்வு நாளில் போனாலும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கேட்கிற மனிதர் இல்லை. "அதான் எழுத்துலயே போட்டுட்டானேடா" என்றார். எழுத்தின்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. படித்துச் சொன்னவன்மேல் அதைவிட மரியாதை.

கல்லூரி இடம் வேறு ஒருத்திக்குப் போனது. பாப்பா பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். காலையில் எங்கள் வண்டியில்தான் வருவாள். டிரைவருக்கு இடப்பக்கம், என்ஜினை ஒட்டிய சீட்டு. சாயங்காலம் திரும்பும்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி வைத்துக்கொள்வாள். நாள் முழுக்க நின்றதில் பாதம் வீங்கியிருக்கும். கடையில் உட்கார நாற்காலி உண்டாம், உட்காரத்தான் நேரம் இல்லையாம். அதை அவள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிக்கவைத்துப் பேசுவதை என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாளோ?

"அடுத்த வருசம் பாத்துக்கலாம் சித்தப்பா" என்பாள். அடுத்த வருடமும் அந்தத் திரை அவள் அப்பாவின் பெயரைப் பார்த்து முகம் சுளிக்கும் என்பது எனக்கு மட்டும் தெரியும். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டு வருகிறேன். கட்டி முடித்தாலும் பழைய கறை சில வருடங்கள் இருக்குமாம். அந்தப் போன் பெண்ணிடம் அண்ணன் குரலில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கேட்பீர்கள்: இப்போதாவது சொன்னால் என்ன? நானும் கேட்கிறேன். தினமும் காலையில் வண்டி கிளம்புவதற்கு முன், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கிறேன். வருவது விசில் சத்தம்தான். சோர்வாக இருக்கிறது... ஒரே ஆளாக இரண்டு பேர் பேச்சைப் பேசுவது உடம்புக்கு ஆகவில்லை.

போன வாரம் பாப்பாவுக்குச் சம்பளம் வந்தது. மாலை வண்டியில் ஏறியதும் என்னைக் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, ஒரு விசயம் கேக்கணும். போன் ஒண்ணு தவணைல எடுக்கலாம்னு இருக்கேன். என் பேர்லயே. ஒண்ணும் பயமில்லல்ல?"

"எங்கிட்ட ஏம்மா கேக்குற?"

"அப்பாதான் சொன்னாங்க. 'எடுக்குறதுன்னா சித்தப்பாவக் கேட்டுட்டு எடு. அவன்தான் தவணைய ஒழுங்கா கட்டி முடிச்சவன்'னு."

எதற்கும் பதில் வைத்திருக்கிற நாக்கு. டிக்கெட் கிழிக்கிற நேரத்துக்குள் நாலு பேரைச் சிரிக்கவைக்கிற நாக்கு. அதிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல்.

"எடுக்காதம்மா" என்றேன்.

"ஏன் சித்தப்பா?"

அப்போது என் பைக்குள் போன் அடித்தது. அண்ணன் போன். எந்த எண் என்று பார்க்கவேண்டிய அவசியமே இல்லை.

"அப்பா போன் அடிக்குது சித்தப்பா. எடுங்க."

எடுக்கவில்லை. பையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு நின்றேன். அண்ணன் கண்ணாடி வழியே பார்த்தார்.

"யாருடா?"

"தெரியாத நம்பருண்ணே."

"ஏமாத்துறவனுவளா இருக்கும். எடுக்காத, எடுக்காத." கியரை மாற்றியபடி மகளிடம் சொன்னார்: "பாத்தியா? சித்தப்பா கையில இல்லாம எங்கையில இருந்திருந்தா எப்பவோ ஏமாந்துருப்பேன்."

மணி அடித்து ஓய்ந்தது. பாப்பா வீங்கிய பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு, என் பதிலுக்காகத்தான் இன்னும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு முறை விசிலடித்தேன். நிறுத்தம் எதுவும் வரவில்லை. யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை. சும்மா அடித்தேன்.

மறுநாள் காலை அண்ணன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடுவதற்கு முன் போனை நீட்டினார்.

"வச்சுக்கடா. பத்திரம்."

வாங்கிப் பையில் வைத்தேன். உள் அறையில். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.